வெளியே பூட்டிய அறை

ஆவணி 17, திங்கள்

வாணி கொஞ்சம் தாள் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஒரு பக்கம் அச்சடித்தது, மறுபக்கம் வெறும் வெள்ளை. "ஆச்சி, பகல்ல வாயத் திறக்காத. பக்கத்து ரூமுக்குக் கேக்கும். பேசணும்னு வந்தா இதுல எழுதிப் போடு" என்றாள். நான் அஞ்சாவது வரை படித்தவள். ஆறாவது போகவிடாமல் நிறுத்தியது என் பெரியப்பா. அவர் செத்தபோது நான் அழவில்லை.

இது கோயம்புத்தூருக்கு வெளியே பொட்டலுக்கு நடுவில் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ். பெண்பிள்ளைகள் விடுதி, மூன்றாம் மாடி. நான் இங்கே இருப்பது என் பேத்தி வாணிக்கும், அவளோடு அறையில் இருக்கிற ஜெஸ்லினுக்கும் மட்டும்தான் தெரியும். போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் வார்டன் வந்து தட்டுவாளாம்.

நேற்று ஞாயிறு, பெற்றவர்கள் வந்து பார்க்கிற நாள். கீழே கூட்டமோ கூட்டம். அந்தக் கூட்டத்தில் என்னை மேலே கூட்டி வந்தாள். மற்றவர்கள் சாயங்காலம் திரும்பிப் போனார்கள், நான் போகவில்லை. போக இடம் இருந்தால் போகமாட்டேனா?

என் மகன் சிதம்பரம் திருப்பூரில் இருக்கிறான். முதல் பெண்டாட்டி, வாணியின் அம்மா, பிள்ளை பெற்றபோதே செத்துப்போனாள். நான்தான் சங்கரன்கோவிலில் வைத்து வாணியை வளர்த்தேன். அவள் காலேஜுக்கு வந்ததும், "ஒத்தையில எதுக்கும்மா, இங்க வந்துரு" என்றான். போனேன். அவனுடைய இரண்டாம் பெண்டாட்டி தமயந்தி. முதல் நாளே எனக்குச் சிறு தட்டில் சோறு வைத்தவள். போன மாதம் "அவினாசி கோயிலுக்குப் போவோம்" என்று சொல்லிக் காரில் ஏற்றி, கோயிலுக்குப் பக்கத்தில் கிழடுகளைச் சேர்த்து வைக்கிற ஓர் இல்லத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் துணிமணியை முன்கூட்டியே மூட்டை கட்டி டிக்கியில் வைத்திருந்தாள். அந்த மூட்டையில் என் மூக்குக் கண்ணாடி இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

அங்கே பதினைந்து நாள் இருந்தேன். சோறு போட்டார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரி விடிய விடிய தன் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்கும் அப்படிக் கூப்பிட வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததிலிருந்து வாணி அப்பனோடு பேசுவதில்லை. என் ரத்தம்.

ஆவணி 18, செவ்வாய்

எதற்காக இந்தப் பாடு என்று எழுதி வைக்கிறேன். வாணிக்கு இது கடைசி வருஷம். புரட்டாசியில் ஒரு பெரிய கம்பெனி காலேஜுக்கே வந்து ஆள் எடுக்கப் போகிறது. அதில் எடுத்துவிட்டால் வீடு பார்த்து என்னை வைத்துக்கொள்வாள். அதுவரை யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வாணியை விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள், கம்பெனிக்காரன் முன்னாலும் நிற்க விடமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கூடத்தை மெஸ் என்கிறார்கள். அங்கே வாங்கியதை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும், மாடிக்குக் கொண்டுவரக் கூடாது. எலி வருகிறதாம். வாசலில் ஓர் ஆள் நின்று கையைப் பார்க்கிறான். காலையில் தலைக்கு நாலு இட்லி, ராத்திரி தலைக்கு மூன்று சப்பாத்தி. மதியச் சோறு மட்டும் வேண்டிய மட்டும். ஆனால் சோற்றைத் துப்பட்டாவில் முடிந்து வர முடியுமா? இட்லியையும் சப்பாத்தியையும்தான் முடிந்து வரலாம்.

இன்று காலையில் நாலு இட்லி கொண்டுவந்தாள்.

"ஒனக்கு?" என்றேன்.

"நான் அங்கயே தின்னுட்டுத்தான் வாரேன். பரிமாறுத அக்கா நமக்கு வேண்டியவங்க ஆச்சி, கூட வைப்பாங்க."

கெட்டிக்காரி. எங்கே போனாலும் ஆள் பிடித்துக்கொள்வாள். இட்லி கல் மாதிரி இருந்தது. முதல் இட்லியைப் பிய்த்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். காக்காய்க்கு வைக்காமல் நான் வாயில் வைத்ததில்லை. வாணியின் தாத்தா உயிரோடு இருந்தவரை எனக்கென்று ஒரு கவளம் மிச்சம் வைத்ததில்லை. அது அவர் குணம், இது என் குணம். மூன்றாம் மாடிக்குக் காக்காய் வருமோ வராதோ என்று நினைத்தேன். வந்தது. தலையைச் சாய்த்து அவரே மாதிரி பார்த்தது.

மதியம் ஒரு மணிக்கு வாணி ஓடி வருகிறாள். அந்த நேரத்தில் எல்லாப் பெண்களும் சாப்பிடக் கீழே போயிருப்பார்கள், வராந்தா காலி. என் தலையில் துண்டைப் போட்டு, கடைசியில் இருக்கிற குளியலறைக்குக் கூட்டிப் போகிறாள். நான் குளித்து, துணி அலசி, திரும்ப வந்து சேருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. வெளியே பூட்டிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறாள்.

"சோறு?"

"இனிமே போயித்தான்."

ஆவணி 22, சனி

விநாயகர் சதுர்த்தி. மெஸ்ஸில் கொழுக்கட்டை, தலைக்கு இரண்டு. எனக்கு வந்தது மூன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாணியின் பங்கு இரண்டு. அந்தப் பரிமாறுகிறவள் கூட வைக்கிற இரண்டு. ஆக நாலு வந்திருக்க வேண்டும். நாலாவது எங்கே? ஜெஸ்லின் உதட்டோரத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

ஜெஸ்லின் தூத்துக்குடிக்காரி. அப்பன் படகுக்காரன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. சிரித்தால் சுவர் அதிரும். என்னைப் பார்த்து, "ஆச்சி, நீங்க ரூமுல இருக்கது எங்க அம்மாவே காவலுக்கு வந்து உக்காந்த மாதிரி இருக்கு. படிக்காம ஒறங்க முடியலியே" என்று சொல்லிச் சிரிக்கிறாள். பேச்செல்லாம் சர்க்கரை. கொழுக்கட்டையும் சர்க்கரைதானே.

என் நாத்தனார் இப்படித்தான் சிரித்துப் பேசுவாள். என் கல்யாணப் பந்தியில் எனக்கு உடைந்த அப்பளமாகப் பார்த்துப் போட்டவள் அவள்.

ஆவணி 25, செவ்வாய்

காலையில் புத்தி கெட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டேன். ஒரு மணி வரைக்கும் பட்ட பாட்டை எழுத முடியாது.

ஆவணி 28, வெள்ளி

இரண்டு நாளாக எனக்கு வயிறு சரியில்லை. சப்பாத்தி செரிக்கவில்லை.

உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு மட்டும், வார்டன் சொன்னால், மெஸ்ஸில் கஞ்சி வைத்துக் கிண்ணத்தில் மேலே கொடுத்துவிடுவார்களாம். ஜெஸ்லின் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டாள். வார்டன் கஸ்தூரி மேடம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்குப் பின்னால்.

"சுடவே இல்லியே கண்ணு."

"உள்காய்ச்சல் மேடம்" என்றாள் இவள்.

கஞ்சி வந்தது. நான்தான் குடித்தேன், சூடாக, உப்புப் போட்டு. நல்ல கஞ்சி. ஆனால் இந்த ஜெஸ்லின் நாள் பூரா வகுப்புக்குப் போகாமல் படுத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கஞ்சி என்பது ஒரு சாக்கு. அவளுக்குத் தூங்க வேண்டும். சாயங்காலம் "ரொம்பப் பசிக்கி" என்று வாணியிடம் முனகினாள். கஞ்சி குடிக்கிற நோயாளிக்கு அன்று மெஸ்ஸில் இட்லி சப்பாத்தி கிடையாதாம். பொய் சொன்னால் அப்படித்தான்.

ஆவணி 31, திங்கள்

காக்காய்கள் அதிகமாகிவிட்டன. முதலில் ஒன்று வந்தது, பிறகு மூன்று. இப்போது பொழுது விடிந்தால் ஜன்னல் கட்டையிலும், எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் எழுந்திருக்கத் தாமதமானால் கத்துகின்றன. கீழே போகிற பெண்கள் எங்கள் ஜன்னலைக் காட்டி, "காக்கா ரூம்டி" என்று சிரிப்பது காதில் விழுகிறது.

ஜெஸ்லின் சொன்னாள்: "ஆச்சி, கோச்சுக்காதீங்க. இந்தக் காக்காவுக்கு வைக்கத நிப்பாட்டிருங்க. மாட்டிக்கிடுவோம்."

"நீ உங்க கோயிலுக்குப் போறத நான் நிப்பாட்டச் சொன்னனா?" என்றேன்.

"அதில்ல ஆச்சி. ஒரு இட்லில்லா போகுது."

ஒரு இட்லியாம். என் புருஷனுக்கு நான் வைக்கிற இட்லியில் இவளுக்கு என்ன வந்தது? வாணியும், "கொஞ்சமா வையி ஆச்சி, ஒரு வில்ல மட்டும்" என்றாள். சரி என்றேன். அவர்கள் போன பிறகு வழக்கம் போலத்தான் வைத்தேன்.

புரட்டாசி 4, வெள்ளி

நல்ல செய்தி. கம்பெனிக்காரன் வைத்த முதல் பரீட்சையில் வாணி தேறிவிட்டாள். இருநூறு பேர் எழுதியதில் முப்பது பேர்தானாம். நேரில் பார்த்துக் கேள்வி கேட்பது புரட்டாசி பதினெட்டு.

அன்றைக்குப் போட்டுக்கொள்ள வைத்திருக்கிற சுடிதாரை எடுத்துப் போட்டுக் காட்டினாள். தோளில் நிற்கவில்லை, இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. ஊசி நூல் வாங்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் நூல் கோக்க அரைமணி நேரம் ஆனது. தமயந்தியை நினைத்துக்கொண்டே கோத்தேன்.

"என்னட்டி, சித்திரையில தச்சதுதானே? இப்பிடி வத்திட்டியே."

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான் ஆச்சி இருக்காங்க. டயட்டு."

வயசுப் பெண்கள் மெலியத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் அவள் வயதில் இரண்டு குடம் தூக்குவேன். கழுத்தெலும்பில் ஊசி குத்திவிடுமோ என்று பயந்து பயந்து தைத்தேன். எழுதும்போது அவள் கை நடுங்குகிறது. படிப்பு அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது.

கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தரையில் படுக்கிறாள்.

புரட்டாசி 7, திங்கள்

பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடியே நின்றேன். தும்மல் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். காலடி போன பிறகும் முந்தானையை எடுக்கவில்லை.

எழுபது வயதில் திருடி மாதிரி நிற்கிறேன். நான் எதைத் திருடினேன்?

புரட்டாசி 8, செவ்வாய்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

புரட்டாசி 12, சனி

இன்று கேட்டுவிட்டேன். அடக்கி அடக்கி வைத்தால் எனக்கு நெஞ்சடைக்கும்.

காலையில் மூன்று இட்லி வந்தது. நேற்றும் மூன்று. முந்தாநாள் மூன்று. வாணி குளிக்கப் போயிருந்தாள். ஜெஸ்லினைப் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தம் வராமல், ஆனால் விடாமல் கேட்டேன்.

"எம் பேத்தி எனக்குன்னு கொண்டுவாரத வழியில வாங்கித் திங்கியே, ஒனக்கு மெஸ்ஸுல போடுதது காணாதா? கொழுக்கட்டையிலருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒன் உடம்பப் பாரு, அவ உடம்பப் பாரு."

அவள் முகம் சிவந்துபோனது. வாயைத் திறந்து, "ஆச்சி, அந்த மூணுல..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வாணி ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றாள். நின்ற இடத்திலிருந்தே ஜெஸ்லினைப் பார்த்தாள். கண்ணை உருட்டியோ, விரலைக் காட்டியோ அல்ல. சும்மா பார்த்தாள்.

ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா ஆச்சி. நான்தான் தின்னேன். இனிமே திங்கல" என்றாள்.

ஒப்புக்கொண்டுவிட்டாள். எனக்குத் தெரியும். இந்தக் கண்ணுக்குக் கண்ணாடிதான் இல்லை, பார்வை இருக்கிறது.

வாணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வெகு நேரம் தலை துவட்டினாள்.

புரட்டாசி 13, ஞாயிறு

ஜெஸ்லின் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஆனால் இன்று நாலு இட்லி வந்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

புரட்டாசி 16, புதன்

மகாளய அமாவாசை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

வருஷத்துக்கு ஒருநாள் செத்தவர்கள் எல்லோரும் சோறு கேட்டு வந்து நிற்கிற நாள். இட்லியை வைத்து ஒப்பேற்ற முடியாது என்று வாணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று காந்தி ஜெயந்தி லீவு வேறு, மெஸ்ஸில் வடை பாயசத்தோடு சாப்பாடு. படம் வரைகிற டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனாள். அதில் ஒரு கை சோறும், பருப்பும், இரண்டு வடையும் வைத்து எப்படியோ கொண்டுவந்துவிட்டாள். பாயசம் கொண்டுவர முடியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

"நீ சாப்புட்டியா?"

"ஆச்சு ஆச்சி."

சோற்றைப் பிசைந்து ஜன்னல் கட்டையில் வைத்து, கா கா என்று மெல்லத்தான் கூப்பிட்டேன். எங்கிருந்துதான் வந்தனவோ! ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் மோதி, ஒரே கூச்சல். வடைக்குச் சண்டை. லீவு நாளாதலால் பெண்கள் எல்லோரும் கீழே நின்று மேலே பார்த்தார்கள். அவர்களோடு நின்று வார்டனும் பார்த்திருக்கிறாள்.

செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போனேன். ஜெஸ்லின்தான் என் காலை மடக்கி உள்ளே தள்ளி, பெட்டியை இழுத்து மறைத்தாள். மூன்று நாளாகப் பேசாதவள். தள்ளுகையில், "முட்டிய மடக்குங்க ஆச்சி" என்றாள்.

வார்டன் உள்ளே வந்தாள். பெட்டி இடுக்கு வழியாக எனக்கு அவளுடைய கால்கள் தெரிந்தன, பிள்ளைகள் கால்கள் நாலும் தெரிந்தன.

"யாரு மெஸ் சாப்பாட்ட மேல கொண்டுவந்தது?"

"நான்தான் மேடம்" என்றாள் ஜெஸ்லின்.

"நீயா? காக்காய்க்குச் சோறு வெச்சயா? நீ எப்பக் கண்ணு அமாவாசை கும்பிட ஆரம்பிச்ச?"

வார்டன் கோபமாகக்கூடப் பேசவில்லை. சலித்துப்போய்ப் பேசினாள்.

"வாணி, இங்க பாரு. மெஸ்காரரு எங்கிட்ட ஒரு மாசமாச் சொல்லிட்டு இருக்காரு. காலைல நாலு இட்லியத் தட்டுல வாங்கற, தின்னாமத் துணில சுத்தற. ராத்திரி சப்பாத்தியும் அப்பிடித்தான். மத்தியானம் நீ மெஸ்ஸுப் பக்கமே வர்றதில்ல. இந்தப் புள்ள தன்னோட தட்டுல இருந்து உனக்கு ஒண்ணு தள்ளி வெக்கறா, அத மட்டுந்தான் தின்னற. போன வாரம் உன்னோட நாலுல ஒண்ணு தின்னுட்டு இருந்த, இப்ப அதுவும் இல்ல. சரி, வேற யாருக்கோ ஏதோ கஷ்டம்போல, கேட்டாச் சொல்லுவான்னு விட்டேன். காக்காய்க்குப் போடறியா? நீ பட்டினி கெடந்து காக்காய்க்குப் போடறியா? பாரு உங்கைய. எலும்பு."

"மேடம்..." என்றாள் வாணி.

அதற்கு மேல் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த கால்களில் இரண்டு மடங்கின. பிறகு முழங்கால். பிறகு அவள் முகம், தரையில், எனக்கு நேராக, கண் மூடியபடி.

ஜெஸ்லின் அலறினாள். வார்டன் "தண்ணி, தண்ணி" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் ரொம்ப நேரம் மடங்கிக் கிடந்ததில் என் கால் மரத்துப்போய்விட்டது. அதனால்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வேறொன்றும் இல்லை. வந்தது வந்துவிட்டேன், அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனமே இல்லை. எட்டு வயதில் அவளுக்கு டைபாய்டு வந்தபோதுகூட இதைவிடக் கனமாக இருந்தாள்.

வார்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க... நீங்க யாருங்க?"

"இவளுக்கு ஆச்சி" என்றேன். "மொதல்ல புள்ளைக்குச் சீனி போட்டுத் தண்ணி குடுங்க. எம்மேல பொறவு கேஸ் போடுங்க."

புரட்டாசி 17, வியாழன்

ராத்திரி காலேஜ் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்து இறங்குகிற குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாக ஒரு பிள்ளை நம் எதிரே நின்று வற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? கண்ணாடி இல்லாமல் போனால் போகும். தமயந்திதான் இதற்கும் காரணம்.

கஸ்தூரி மேடம் காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். எனக்கு அவள்மேல் ஒரு மனக்குறையும் இல்லை என்று எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி நான் எழுதுவது அபூர்வம்.

"அம்மா, நான் மேல எழுதிப் போட்டன்னா இந்தப் புள்ள வெளிய போகணும். நாளைக்கு இன்டர்வியூ. நான் எழுதல. ஆனா நீங்க இன்னிக்குப் போயிறணும்ங்க. உங்களக் கூட்டிட்டுப் போக யாராச்சும் வந்தாத்தான் எனக்கும் நிம்மதி. மகன் இருக்காருங்களா?"

"இருக்கான்" என்றேன்.

ஜெஸ்லினைக் கூப்பிட்டு அவள் போனிலிருந்து சிதம்பரத்துக்குப் போடச் சொன்னேன். அவளுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எனக்கு அவள் முகத்தை. சத்தமாக வைத்துப் பிடித்தாள்.

"யாரு? அம்மாவா? எங்கம்மா போய்த் தொலைஞ்ச? அந்த இல்லத்துல இருந்து எனக்குப் போன் மேல போன்."

"இங்க வாணிகிட்ட இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போடா."

பின்னால் தமயந்தி ஏதோ சொன்னது கேட்டது.

"இங்க இடமில்லம்மா. அங்கயே போயிரு. நான் பேசி வெச்சிருக்கேன், மறுபடி எடுத்துக்குவாங்க."

"வாணிகிட்ட ஒரு வார்த்தை பேசுதியா? அவ மயங்கி..." என்பதற்குள் வைத்துவிட்டான்.

ஜெஸ்லின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக, "வா, மெஸ்ஸு எங்க இருக்குன்னு காட்டு" என்றேன்.

மெஸ்ஸுக்குள் முதல் தடவையாகப் போனேன். கல்யாண மண்டபம் மாதிரி நீளம். இருந்தாற்போல் எல்லாச் சத்தமும் நின்று, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாணி ஒரு மூலையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"நீ எங்கன போவ ஆச்சி? மறுபடி அங்கயா? நான் இன்டர்வியூ போகல. உன்கூட வந்துருதேன். என்னால முடியல."

அவள் எதிரே உட்கார்ந்தேன். இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்து அவள் வாய் அருகே கொண்டுபோனேன்.

"அங்க எதுக்குப் போறேன்? ஒங்கப்பன் வாரான்டி. போன் போட்டேன். நீ மயங்கி விழுந்தேன்னதும் அழுதுட்டான். தமயந்தி போன வாங்கி, 'அத்தே, என்னய மன்னிச்சிருங்க, வீட்டுக்கு வந்துருங்க'ன்னா. மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

வாணி நம்பாமல் ஜெஸ்லினைப் பார்த்தாள்.

"ஆமாடி" என்றாள் ஜெஸ்லின். "நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல கேட்டேன். உங்க சித்தி அழுகாங்க."

வாணி என் கையிலிருந்ததை வாயில் வாங்கினாள். நாலும் தின்றாள். இன்னும் இரண்டு போடச் சொன்னேன், அதையும் தின்றாள். ஜெஸ்லின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் ஒரு இட்லி மிச்சமிருந்தது. "நீயும் தின்னு" என்று அவள் முதுகில் கையை வைத்தேன். எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஜெஸ்லின் தன்னிடம் இருந்த பழைய பட்டன் போனை என் பையில் போட்டாள். "பச்சைய அமுக்குனா பேசலாம் ஆச்சி" என்றாள். பிறகு காதோரம், "அவினாசி பஸ்ஸு கேட்டுக்கு எதுத்தாப்பல நிக்கும்" என்றாள்.

வாணியிடம், "அப்பனுக்குப் போன் போட்டுக் கேக்காத, என்னட்ட மட்டும் பேசு. அவன் வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புரட்டாசி 18, வெள்ளி

அதே கட்டில்தான் கொடுத்திருக்கிறார்கள். "கோயிலுக்குப் போயிட்டு வர ஒரு மாசமாச்சா பாட்டி?" என்று மேனேஜர் கேட்டான். "கூட்டம்" என்றேன்.

இன்று அவளுக்கு இன்டர்வியூ. சுடிதார் தோளில் நிற்கும். நன்றாகத்தான் தைத்திருக்கிறேன்.

புரட்டாசி 20, ஞாயிறு

சாயங்காலம் போன் அடித்தது. பச்சையை அமுக்கினேன்.

"ஆச்சி! எடுத்துட்டாங்க ஆச்சி! எடுத்துட்டாங்க! நாலு பேருதான். அதுல நானும்."

பக்கத்துக் கட்டில்காரி அந்த நேரம் பார்த்து, "ராசா... ராசா..." என்று மகனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"யாரு அது ஆச்சி?"

"டிவிதான்ட்டி. சீரியலு. தமயந்தி எந்நேரமும் போட்டுருவா."

"வேல ஆனி மாசத்துலதான் ஆச்சி, படிப்பு முடிஞ்சதும். அதுவரைக்கும் நீ அங்கன இருந்துருவியா? ஒன்னய நல்லாப் பாத்துக்கிடுதாங்களா? உண்மையச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். பக்கத்துக் கட்டில்காரி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயை மூடினாள்.

"எனக்கென்னட்டி கொற? தமயந்தி தங்கமா வச்சிருக்கா. இப்பந்தான் காப்பி குடுத்தா. வெந்நி வச்சுக் குளிக்க ஊத்துதா. நான் தப்பா நெனச்சுட்டேன், அவ நல்லவட்டி. நீ நேரத்துக்குச் சாப்புடு."

வாணி சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "சரி ஆச்சி, சாப்புடப் போறேன்" என்று வைத்தாள்.

தமயந்தி எனக்குச் செய்தது எல்லாம் ஒரு பக்கம். அவளை நல்லவள் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாளே, இதை மட்டும் நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.